கட்டுச்சோறு கட்டும் நிரல்கள்

தொலைதூரப் பயணம் புறப்படும் குடும்பங்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய், தட்டு, தண்ணீர்க் கூஜா என்று யாவற்றையும் கூடையில் ஏற்றிக்கொண்டே வண்டி ஏறுவார்கள். மற்ற வகையினர், "வழியில் கிடைக்காததா?" என்று கையை வீசிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முன்னவர்களுக்குச் சுமை மிகுதி. பின்னவர்களுக்குச் சுமை இல்லை. ஆனால் போகும் இடத்தில் கிடைக்கும் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது நிச்சயமில்லை.

கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரல்களும் இப்படியே பயணம் செய்கின்றன. நிரல் என்பது கணிப்பொறி நிறைவேற்ற வேண்டிய ஆணைகளின் தொடர். ஆனால் எந்த நிரலும் தன்னந்தனியாக வேலை செய்வதில்லை. வர்க்கமூலம் காண வேண்டுமா, தேதிகளைக் கணக்கிட வேண்டுமா, ஒரு படத்தைச் சிறிதாக்க வேண்டுமா? அவ்வேலைகளுக்கென்று யாரோ முன்பே எழுதி வைத்த துணைநிரல்களை அது அழைத்துக்கொள்ளும். இத்தகைய துணைநிரல்களின் தொகுப்புக்கு நூலகம் என்று பெயர். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. நிரல் ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்குப் போகும்போது தன் நூலகத்தையும் சுமந்து செல்ல வேண்டுமா, அல்லது போகுமிடத்தில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமா?

இக்கேள்வி 1949-ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது. கன்டெய்னர் என்னும் கொள்கலத்தில் அடைத்து, சர்வர்லெஸ் என்னும் முறையில் இன்று ஓட்டப்படும் நிரல்களுக்கு நடுவிலும் அதே கேள்விதான் நிற்கிறது. அதிலும், உலகறிந்த நூலகங்களைக் காட்டிலும் நிரலாளர் தம் வீட்டிலேயே செய்து பக்கத்து அடைவில் வைத்திருக்கும் சொந்த நூலகம் படுத்தும் பாடு தனி. அது ஏன் என்று அறிய, கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்பது நல்லது.

எஃகு அலமாரியில் ஒரு நூலகம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணித ஆய்வுக்கூடத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் எட்சாக் என்னும் கணிப்பொறி கட்டப்பட்டது. ஏறத்தாழ 3000 வால்வுகள் கொண்ட அந்த இயந்திரம் 1949 மே 6-ஆம் நாள் எண்களின் வர்க்கங்களைப் பட்டியலிட்டுத் தன் முதல் வேலையை முடித்தது. பாதரசம் நிரம்பிய குழாய்களில் ஒலி அலைகளாக ஓடிக்கொண்டிருந்த துடிப்புகளே அதன் நினைவகம். தொடக்கத்தில் அதில் 512 சொற்களுக்கே இடம் இருந்தது. ஆணைகளைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்தி உள்ளே செலுத்துவார்கள்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே வில்க்ஸுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஏரி என்னும் விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க அவர் ஒரு நிரல் எழுதினார். மொத்தம் 126 வரிகள். அந்த நாடா பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டபோது அதில் சுமார் 20 பிழைகள் இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். வாழ்நாளில் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி தம் நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்ற எண்ணம் ஒரு நாள் படிக்கட்டில் தமக்கு உதித்ததாக வில்க்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கணிப்பொறியைக் கட்டுவதுதான் கடினம், அதற்கு ஆணையிடுவது எளிது என்று அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தனர்.

பிழையைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒருமுறை சரியாக எழுதிச் சோதித்த பகுதியை மறுபடி எழுதாமல் அப்படியே பயன்படுத்துவது. சொல்வதற்கு எளிது! செய்வதில் இரு முட்டுக்கட்டைகள் இருந்தன. அவற்றை அகற்றியவர் டேவிட் வீலர் என்னும் 22 வயது ஆராய்ச்சி மாணவர்.

முதல் முட்டுக்கட்டை இடம் பற்றியது. ஒரு துணைநிரலுக்குள் "5-ஆம் ஆணைக்குத் தாவு" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம. அத்துணைநிரல் நினைவகத்தில் 0-ஆம் இடத்திலிருந்து வைக்கப்பட்டால் தாவல் சரியாக அமையும். ஆனால் அதையே வேறொரு நிரலில் 100-ஆம் இடத்திலிருந்து வைத்தால், தாவ வேண்டியது 105-க்கு அல்லவா? ஒவ்வொரு முறையும் இவ்வெண்களைக் கையால் மாற்றினால், மாற்றும்போதே புதிய பிழைகள் புகுந்துவிடும். வீலர் 1949 செப்டம்பரில் முடித்த தொடக்க ஆணைகள் இவ்வேலையைக் கணிப்பொறியிடமே ஒப்படைத்தன. தொலைபேசி நிலையங்களில் பயன்படும் சுழல் சுவிட்சுகளில் கம்பியாகவே பொருத்தப்பட்ட 41 ஆணைகள் அவை. நாடாவைப் படிக்கும்போதே, துணைநிரல் எங்கே தொடங்குகிறதோ அந்த எண்ணைத் தேவையான ஆணைகளில் மட்டும் கூட்டிவிடும். நாற்பத்தொரு ஆணைகளுக்குள் இத்தனை வேலையையும் அடக்கியது இன்றும் வியக்கத்தக்கது.

இரண்டாவது முட்டுக்கட்டை திரும்பி வருதல். துணைநிரல் தன் வேலையை முடித்ததும், தன்னை அழைத்த இடத்திற்கே திரும்ப வேண்டும். ஆனால் அதை ஒரே நிரல் பத்து இடங்களிலிருந்து அழைக்கக் கூடுமே, எந்த இடத்திற்குத் திரும்புவது? அழைப்பவர் தம் முகவரியைக் கையில் எழுதிக் கொடுத்தனுப்ப, அழைக்கப்பட்டவர் அதைக்கொண்டு திரும்பும் ஆணையைத் தாமே அமைத்துக்கொள்வது போன்ற ஓர் உத்தியை வீலர் வகுத்தார். வீலர் தாவல் என்றே அது பெயர் பெற்றது.

இவ்வளவும் ஆனபின் நூலகம் பிறந்தது. சோதித்து முடிந்த துணைநிரல்களின் நாடாக்கள் ஓர் எஃகு அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டன. முக்கோணவியல் சார்புகளுக்கு ஓர் எழுத்து, வகுத்தலுக்கு ஓர் எழுத்து, விடையை அச்சிடுவதற்கு ஓர் எழுத்து என்று அடையாளம் இட்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர் தமக்கு வேண்டிய நாடாவை எடுத்து, அதன் துளைகளை இயந்திரத்தின் உதவியால் தம் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுவார். 1951-க்குள் அலமாரியில் 87 துணைநிரல்கள் சேர்ந்துவிட்டன. அவ்வாண்டிலேயே வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து நிரல் எழுதுவது பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டனர். அத்துறையில் வெளிவந்த முதல் பாடநூல் அதுவே எனலாம்.

வீலர் வற்புறுத்திய மற்றொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். துணைநிரலை எழுதுவதோடு வேலை முடிவதில்லை. அது என்ன செய்யும், எப்படி அழைப்பது என்னும் விவரக் குறிப்பையும் துல்லியமாக எழுதியாக வேண்டும் என்றார் அவர். அலமாரியின் உண்மையான மதிப்பு நாடாக்களில் பாதி, குறிப்புகளில் பாதி.

வாசகர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கேம்பிரிட்ஜ் முறை முழுக்க முழுக்கக் கட்டுச்சோற்று முறை. ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டியதைப் படியெடுத்துத் தன்னோடு கொண்டு செல்கிறது. அதனால் அது எப்போதும் ஒரே மாதிரி ஓடும். ஆனால் அலமாரியிலுள்ள நாடாவில் ஒரு பிழையைக் கண்டு இன்று திருத்தினால், நேற்றுப் படியெடுத்துப் போனவரின் நாடா தானாகத் திருந்திவிடாது. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பின் இது பெரிய உருவெடுத்து வரப்போகிறது.

அமெரிக்காவில் அப்போது நாடாவைக்கூடப் படியெடுக்காமல், ஒருவர் நோட்டுப் புத்தகத்திலிருந்து மற்றவர் கையால் எழுதிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பி என்ற ஆங்கில எழுத்து 13 என்ற எண்ணாக மாறிவிடும் அளவுக்குப் படியெடுப்பதில் தவறுகள் நேர்ந்ததைக் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் பிற்காலத்தில் நகைச்சுவையுடன் நினைவு கூர்ந்தார். யூனிவாக் கணிப்பொறிக்காக 1952-இல் அவர் ஆக்கிய ஏ-0 என்னும் அமைப்பு, எண்ணைச் சொன்னால் போதும், அதற்குரிய துணைநிரலை நாடாவிலிருந்து தானே எடுத்துக் கோத்துவிடும். 1955-இல் ஐ.பி.எம். 704 இயந்திரத்தை வாங்கவிருந்தோர் கூடி ஷேர் என்ற சங்கத்தை அமைத்து, நிரல்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினர்.

பொதுக் கிணறு

நினைவகமும் வட்டும் விலையுயர்ந்த பொருள்களாக இருந்த காலத்தில் கட்டுச்சோற்று முறை வீண் செலவாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஒரே கணிப்பொறியில் ஐம்பது நிரல்கள் இருந்து, ஐம்பதும் ஒரே அச்சிடும் துணைநிரலைத் தத்தம் வயிற்றில் சுமந்திருப்பானேன்? ஊருக்கு ஒரு பொதுக் கிணறு போல, நூலகத்தின் ஒரே ஒரு படியை இயந்திரத்தில் வைத்துவிட்டு, எல்லா நிரல்களும் ஓடும் நேரத்தில் அங்கே வந்து மொண்டுகொள்ளலாமே! 1965-இல் தொடங்கிய மல்டிக்ஸ் என்னும் அமைப்பு இக்கருத்தைச் செயல்படுத்திக் காட்டியது. 1985-இல் வெளிவந்த விண்டோஸின் முதல் பதிப்பு டி.எல்.எல். என்னும் பொது நூலகக் கோப்புகளைக் கொண்டிருந்தது. 1988-இல் சன் நிறுவனம் தன் யூனிக்ஸ் அமைப்பில் இம்முறையைப் புகுத்தியது.

பொதுக் கிணற்றில் ஒருவர் சாயம் கரைத்தால் ஊர் முழுவதும் சாயத் தண்ணீர் அல்லவா குடிக்க வேண்டும்? அதுதான் நடந்தது. புதிதாக ஒரு விளையாட்டு நிரலை நிறுவுவார்கள். அது தனக்குத் தெரிந்த பழைய டி.எல்.எல். கோப்பை, ஏற்கெனவே இருந்த புதிய கோப்பின் மேல் எழுதிவிடும். மறுநாள் காலையில், விளையாட்டுக்குச் சற்றும் தொடர்பில்லாத கணக்குப் பதிவு நிரல் திறக்க மறுக்கும். 1990-களில் இது எவ்வளவு பரவியிருந்தது என்றால், டி.எல்.எல். நரகம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. "என் இயந்திரத்தில் நன்றாகத்தானே ஓடுகிறது!" என்னும் நிரலாளரின் வழக்கமான பதிலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அதே காலத்தில் நூலகங்களின் எண்ணிக்கையும் பெருகிற்று. 1995-இல் பெர்ல் மொழிக்கு சிபான், 2003-இல் பைத்தான் மொழிக்கு பைபிஐ, 2010-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு என்.பி.எம். என்று உலகப் பொது அலமாரிகள் இணையத்தில் திறக்கப்பட்டன. வேண்டிய நூலகத்தின் பெயரை எழுதினால் போதும்; அதுவும், அது சார்ந்திருக்கும் பிற நூலகங்களும் வந்து இறங்கும். வசதிதான். ஆனால் 2016 மார்ச் 22 அன்று ஒரு நிரலாளர், பெயர் பற்றிய ஒரு பூசலில் மனம் வெறுத்து, என்.பி.எம்.மிலிருந்து தம் நூலகங்கள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று 11 வரிகளே கொண்ட லெஃப்ட்-பேட். எழுத்துத் தொடரின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிரல்களின் கட்டுமானம் நின்றுபோயிற்று. சில மணி நேரத்தில் அது மீண்டும் வைக்கப்பட்டது.

பெட்டிக்குள் ஓர் உலகம்

நூலகங்களை மட்டுமன்றி, நிரலுக்குத் தேவையான முழுச் சூழலையும் ஒரு பெட்டியில் அடைத்து அனுப்பினால் என்ன? இதற்கான முதல் விதை 1979-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இருக்கிறது. சி.எச்.ரூட் என்னும் ஆணை, ஒரு நிரலைக் குறிப்பிட்ட ஓர் அடைவுக்குள் நிறுத்தி, அதுவே முழு வட்டு என்று அதை நம்ப வைத்தது. அறைக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அறையே உலகமாக இருப்பது போல. 2000-இல் ஃப்ரீ.பி.எஸ்.டி. என்னும் அமைப்பு அந்த அறைக்குச் சிறைச்சாலை போன்ற கட்டுக்காவலைச் சேர்த்தது. கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கிய பணி, ஒவ்வோர் அறைக்கும் இவ்வளவுதான் நினைவகம், இவ்வளவுதான் கணக்கிடும் நேரம் என்று அளந்து கொடுக்கும் வசதியாக 2008-இல் லினக்ஸில் சேர்ந்தது.

ஆனால் இவற்றைக் கையாளத் தனித் தேர்ச்சி வேண்டியிருந்தது. 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கர் என்னும் கருவியை அறிமுகம் செய்தார். துறைமுகத் தொழிலாளியை நினைவூட்டும் பெயர். கப்பல் சரக்குப் பெட்டிகளின் வரலாறு அறிந்தவர்களுக்கு ஒப்புமை உடனே விளங்கும். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீனின் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உள்ளே மூட்டையா, பீப்பாயா என்று கேட்காமல் பெட்டியை மட்டும் தூக்கி வைக்கும் வழக்கம் அதன்பின் உலகெங்கும் பரவியது. டாக்கரும் அப்படியே, பெட்டிக்குள் எந்த மொழி, எந்த நூலகம் என்று அதை ஏற்றி இறக்கும் சர்வர் கேட்பதில்லை.

டாக்கரின் பெட்டி அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. அடியில் இயக்க முறைமையின் கோப்புகள், அதன்மேல் மொழி, அதன்மேல் நூலகங்கள், உச்சியில் நமது நிரல். மறுபடி கட்டும்போது மாறாத அடுக்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, மாறிய அடுக்கையும் அதற்கு மேலுள்ளவற்றையும் மட்டும் புதிதாகக் கட்டும். ஆகவே அரிதாக மாறும் நூலகங்களைக் கீழேயும், அடிக்கடி மாறும் சொந்த நிரலை மேலேயும் வைப்பது நல்ல பழக்கம் ஆயிற்று.

சர்வர் எங்கே போயிற்று?

2014 நவம்பரில் அமேசான் நிறுவனம் லாம்டா என்ற சேவையை அறிவித்தது. அதுவரை ஒரு நிரலை இணையத்தில் இயக்க விரும்பியவர், இரவும் பகலும் ஓடும் ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒருவரும் வராத நள்ளிரவிலும் வாடகை ஓடும். லாம்டாவில் ஃபங்ஷன் என்று வழங்கும் சிறு செயற்கூற்றை மட்டும் ஒப்படைத்தால் போதும். யாராவது அழைக்கும்போது ஒரு பெட்டி திறக்கும், செயற்கூறு ஓடும், வேலை முடியும். எவ்வளவு நேரம் ஓடிற்றோ அதற்கு மட்டும் கட்டணம். முதலில் 100 மில்லி விநாடிக் கணக்கில், 2020 டிசம்பர் முதல் 1 மில்லி விநாடிக் கணக்கில். இதற்குச் சர்வர்லெஸ், அதாவது சர்வர் இல்லாதது என்று பெயர் சூட்டினர். சர்வர் எங்கும் போய்விடவில்லை. அது நம் கண்ணுக்கும் கவலைக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவே. பெயர் வைத்தவர்களுக்கு விளம்பர உணர்வு சற்று மிகுதி என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அந்த எட்டாத இடத்தில் என்ன நூலகம் இருக்கிறது என்பது நம் கையில் இல்லை. எனவே கட்டுச்சோறு கட்டியே தீர வேண்டும். லாம்டா ஏற்ற கட்டுச்சோற்று மூட்டை ஒரு ஜிப் கோப்பு. விரித்தால் 250 மெகாபைட்டுக்கு மேல் போகக் கூடாது. வலைப் பணிகளுக்கு இது தாராளம். அறிவியல் கணக்கீட்டுக்கோ போதவில்லை. பெரிய அணிகளைக் கையாளும் நூலகங்கள் இரண்டு மூன்று சேர்ந்தாலே அளவு நிரம்பிவிடும். நூலகத்தோடு வரும் விளக்கக் குறிப்புகளையும் சோதனைக் கோப்புகளையும் கிள்ளி எறிந்து மூட்டையை இளைக்க வைப்பது சில காலம் ஒரு கலையாகவே வளர்ந்தது.

மற்றொரு தொல்லையும் உண்டு. பைத்தான் நூலகங்கள் பலவற்றின் உள்ளே, வேகத்துக்காக சி மொழியில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றிய பகுதிகள் இருக்கின்றன. நிரலாளரின் மேசைமேல் இருப்பது ஆப்பிள் அல்லது விண்டோஸ் கணிப்பொறி. லாம்டா ஓடுவதோ லினக்ஸில். மேசையில் கட்டிய மூட்டை அங்கே போய்ப் பிரிந்ததும், உள்ளிருக்கும் பகுதி வேற்று மொழி பேசும். இதற்குத் தன்னார்வ நிரலாளர்கள் ஒரு வழி கண்டனர். லாம்டாவின் உட்புறத்தை அப்படியே ஒத்த டாக்கர் கன்டெய்னர் ஒன்றை ஆக்கி, மூட்டையை அதற்குள்ளே வைத்துக் கட்டினர். கட்டிய சோறு உண்ணும் ஊரின் தண்ணீரிலேயே சமைக்கப்பட்டுவிட்டது அல்லவா! 2018 நவம்பரில் அமேசானின் சாம் என்னும் கருவியே இவ்வசதியை அளித்தது. 2020 டிசம்பரில் ஜிப் மூட்டையே தேவையில்லை, 10 கிகாபைட் வரை கன்டெய்னர் படிமத்தையே நேராகக் கொடுக்கலாம் என்றும் ஆயிற்று.

இரு புள்ளிகளின் கதை

இனி, முதலில் சொன்ன சொந்த நூலகத்துக்கு வருவோம். ஒரு குழுவிடம் பத்துச் செயற்கூறுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று பணம் பெறுவதைச் சரிபார்க்கும். மற்றொன்று ரசீது அனுப்பும். வேறொன்று இருப்பைக் குறைக்கும். பத்துக்கும் பொதுவான சில வேலைகளைத் தனியே எழுதிப் 'பொது' என்ற அடைவில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செயற்கூறும் தன் தேவைப் பட்டியலில், "ஒரு படி மேலே போ, அங்கே 'பொது' என்ற அடைவு இருக்கும்" என்று எழுதியிருக்கும். யூனிக்ஸ் வழக்கில் ஒரு படி மேலே என்பதை இரண்டு புள்ளிகளால் குறிப்பார்கள்.

மேசைக் கணிப்பொறியில் இது பழுதின்றி ஓடும். கன்டெய்னருக்குள் கட்டச் சொன்னதும் நின்றுவிடும். காரணம் எளிது. கட்டும் கருவி, செயற்கூறு இருக்கும் அடைவை மட்டுமே பெட்டிக்குள் காட்டுகிறது. பெட்டிக்குள் இருந்துகொண்டு ஒரு படி மேலே போனால் நிரலாளரின் 'பொது' அடைவு வராது. பெட்டியின் சொந்தச் சுவர்தான் வரும். டாக்கரிலும் இதே நிலைதான். கட்டுமானம் தொடங்கும்போது ஓர் அடைவைக் கட்டுமான எல்லை என்று கொடுக்கிறோம். அதற்கு வெளியே உள்ள எதையும் படியெடுக்க இயலாது. இது பிடிவாதமாகத் தோன்றினாலும் நியாயம் உண்டு. பெட்டியைக் கட்டும் பணியாளன் வேறோர் இயந்திரத்தில்கூட இருக்கலாம். நாம் அனுப்பி வைத்த அடைவைத் தவிர நம் வட்டில் வேறெதையும் அவனால் பார்க்க முடியாது.

பைத்தானில் இதைவிட ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. நூலகத்தை அடிக்கடி திருத்துபவர்கள், ஒவ்வொரு முறையும் நிறுவாமல் இருப்பதற்காக, "அந்த நூலகம் இன்ன அடைவில் இருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்று ஒரு சீட்டை மட்டும் எழுதி வைப்பார்கள். சீட்டு பெட்டிக்குள் ஏறிவிடும். சீட்டில் எழுதிய இடம் ஏறாது. கட்டும்போது எந்தக் குறையும் தெரியாமல், சேவை ஓடும்போதுதான் முறிவு வெளிப்படும்.

இத்தனைக்கும் அடிப்படையான காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கட்டும் கருவிகளுக்கு உலகம் இரண்டே வகை. ஒன்று, நாள்தோறும் மாறும் சொந்த நிரல். மற்றது, இணையத்திலிருந்து பெயரும் பதிப்பெண்ணும் சொல்லி வரவழைக்கும், அரிதாக மாறும் நூலகம். வீட்டு நூலகம் இரண்டும் கெட்டான். நூலகத்தைப் போல அழைக்கப்படுகிறது. சொந்த நிரலைப் போல நாள்தோறும் மாறுகிறது. டாக்கரின் அடுக்கில் அதைக் கீழே வைத்தால், ஒரு வரி மாறியதற்கு மேலுள்ள அனைத்தையும் மறுபடி கட்ட வேண்டும். மேலே வைத்தால், அது சார்ந்திருக்கும் வெளி நூலகங்களைத் தனியே பட்டியலிட வேண்டும்.

தீர்வுகள் பல முளைத்தன. கட்டுவதற்கு முன் 'பொது' அடைவைப் பத்துச் செயற்கூறுகளுக்குள்ளும் படியெடுத்து வைப்பது ஒன்று. கேம்பிரிட்ஜ் நாடா முறையின் மறுபிறவி. கட்டுமான எல்லையை ஒரு படி உயர்த்தி முழுத் திட்டத்தையும் அனுப்புவது மற்றொன்று. வேண்டாதவற்றை விலக்கும் பட்டியலைக் கவனமாக எழுதாவிட்டால் இரகசியக் கோப்புகளும் சேர்ந்து பயணமாகும். 2018-இல் லாம்டா அளித்த லேயர் என்னும் பொது அடுக்கு, கிணற்று முறைக்கே திரும்பிப் போனது. 2022-இல் டாக்கரின் கட்டும் கருவி, முதல் எல்லையோடு கூடுதல் அடைவுகளையும் பெயரிட்டுச் சேர்க்க இடம் கொடுத்தது. இவற்றுள் நான் மேலென்று கருதுவது நூலகத்தை முதலில் ஒரு வீலாகக் கட்டி, அந்த ஒற்றைக் கோப்பை எல்லைக்குள் வைப்பது. வீல் என்பது பைத்தான் நூலகத்தைப் பெயர், பதிப்பெண்ணோடு பொதியும் கோப்பு வடிவம். பைபிஐக்குப் பாலாடைக் கடை என்று ஒரு வேடிக்கைப் பெயர் உண்டு; அங்கே விற்கும் சக்கர வடிவப் பாலாடைக்கட்டிதான் இந்த வீல். ஒரு படி வேலை கூடுகிறது என்பது உண்மையே. ஆயினும் பெட்டிக்குள் போனது எந்தப் பதிப்பு என்று ஐயமறத் தெரியும்.

குழுவுக்கென்று தனி அலமாரி ஒன்றை நிறுவி, வீட்டு நூலகத்தை அதில் வைத்துப் பெயர் சொல்லி அழைப்பதும் உண்டு. பெரிய நிறுவனங்கள் இதையே செய்தன. அதில் ஒளிந்திருந்த ஆபத்தை 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். நிறுவனங்களின் உள்வீட்டு நூலகப் பெயர்கள் சில வெளியே கசிந்திருந்தன. அதே பெயர்களில், உயர்ந்த பதிப்பெண்ணோடு, தீங்கற்ற போலி நூலகங்களை அவர் பொது அலமாரிகளில் வைத்தார். கட்டும் கருவிகள் இரண்டு அலமாரிகளையும் பார்த்து, எண் பெரிதாக இருந்த போலியை எடுத்துக்கொண்டன. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் உள்ளே அவருடைய நிரல் ஓடிற்று. வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்தபோது தெருவில் போனவர் உள்ளே வந்தது போல!

திருந்தாத நாடாக்கள்

அதே 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் கேம்பிரிட்ஜ் அலமாரியின் பழைய குறை முழு வடிவில் வெளிப்பட்டது. ஜாவா நிரல்கள் தம் நிகழ்ச்சிக் குறிப்புகளை எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே என்னும் நூலகத்தில், 2013 முதல் இருந்த ஓர் ஓட்டை வெளியாயிற்று. ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரைக் குறிப்பேட்டில் எழுத வைத்தாலே போதும், வெளியார் தம் நிரலை அந்தச் சர்வரில் ஓட்டலாம். திருத்திய பதிப்பு சில நாள்களில் வந்துவிட்டது. கடினம் அதில் இல்லை. அந்த நூலகத்தின் படிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் பொதி, பொதிக்குள் மற்றொரு பொதி, அதற்குள் லாக்4ஜே என்று புதைந்து கிடந்தது. பொதுக் கிணறாக இருந்திருந்தால் ஓரிடத்தில் தூர்வாரியிருக்கலாம். கட்டுச்சோறாயிற்றே, ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்றாக வலியுறுத்தப்படுவது, பிஸ்கட் உறையின்மேல் சேர்மானங்களை அச்சிடுவது போல, ஒவ்வொரு பெட்டியின்மேலும் உள்ளிருக்கும் நூலகங்களின் பட்டியலை ஒட்டுவது. அமெரிக்க அரசு தனக்கு விற்கப்படும் மென்பொருளுக்கு இத்தகைய பட்டியல் வேண்டும் என்று 2021 மே மாத ஆணையிலேயே குறிப்பிட்டிருந்தது. 2023 தொடக்கத்தில் டாக்கரின் கட்டும் கருவியும் படிமத்தோடு சேர்த்துப் பட்டியலை ஆக்கும் வசதியைப் பெற்றது. பட்டியல் ஆக்கும் கருவி பெட்டிக்குள் துழாவி, ஒவ்வொரு நூலகத்தின் பெயர்ச் சீட்டையும் பதிப்பெண்ணையும் படித்து எழுதிக்கொள்கிறது. வீட்டு நூலகம் வீலாகக் கட்டப்பட்டு நிறுவப்பட்டிருந்தால் அதுவும் பெயரோடு பட்டியலில் இடம்பெறும். வெறும் கோப்புகளாக அள்ளிப் போட்டுப் படியெடுத்திருந்தால், அப்படி ஒரு நூலகம் உள்ளே இருப்பதே அக்கருவிக்குத் தெரியாது.